கிரப்பின் பெருந்தன்மை

லினக்ஸ் கணினியைத் தட்டி எழுப்பும் பூட்லோடரான கிரப் போல, ஆளை மதிக்கத் தெரிந்த மென்பொருள் வேறு கிடையாது. மற்றவை கோளாறு என்றதும் மன்னிப்புக் கேட்கும், பொம்மை காட்டும், பொத்தானை நீட்டும். கிரப்புக்கு அந்தக் குழைவெல்லாம் பிடிக்காது. வட்டில் சும்மா கிடந்த பார்ட்டிஷன் ஒன்றை நீக்கி, அதனால் அடுத்ததன் எண் மாறிவிட்டது என்று வையுங்கள். மறுநாள் கறுப்புத் திரையில் 'அப்படியொரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஒரு வரி. கீழே 'கிரப் ரெஸ்க்யூ'. பக்கத்தில் கண்சிமிட்டும் கர்சர். எதைத் தேடியது, எங்கே தேடியது என்று நீட்டி முழக்கி நம் நேரத்தை வீணாக்காது.

அங்கே 'ஹெல்ப்' என்று அடித்தால், தெரியாத கட்டளை என்கிறது. உதவி கேட்டு நாம் சிறுமைப்பட்டுவிடக் கூடாதே என்ற கரிசனம்! டேப் விசையும் பாதிச் சொல்லை நிரப்பித் தராது; தட்டச்சுப் பயிற்சி நல்லதுதானே. வட்டை 0-இலிருந்தும் பார்ட்டிஷனை 1-இலிருந்தும் எண்ணுகிற நுட்பம் தனி. பழைய கிரப் இரண்டையும் 0-இலிருந்தே எண்ணியது. சோம்பேறிகளுக்கு அது போதும்.

இதில் தேறாதவர்களுக்காக லைவ் யுஎஸ்பி இருக்கிறது. ரூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் அதனுள் பிணைத்து, சி-ரூட் போட்டு உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் என்று வரிசை பிசகாமல் ஓதினால் ஆயிற்று. யுஇஎஃப்ஐ கணினியில் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்ய வேண்டும். மறந்தவர்களுக்கு மறுபடி ஓதும் பாக்கியம். குறுக்கு வழியில் கிரப்.சிஎஃப்ஜி கோப்பையே திருத்தப் போனால், 'இதைத் திருத்தாதே' என்று உச்சியிலேயே அறிவுரை. மீறித் திருத்தினாலும் கோபிக்காது. உபுண்டுவில் அடுத்த கர்னல் அப்டேட் வரும்போது நாம் எழுதியதைத் துடைத்துவிட்டுத் தன் பாட்டுக்கு எழுதிக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு வரும் மெனுவில் சில சமயம் விண்டோஸ் இருக்காது. வட்டில் வேறு சிஸ்டம் உண்டா என்று துழாவுவது பாதுகாப்புக்கு ஆகாதென்று, 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து, நாமாகச் சொன்னாலொழிய அது தேடுவதில்லை.

பாதுகாப்பில் அதற்குள்ள அக்கறை ஊரறிந்தது. 2015 டிசம்பரில் வலென்சியா பாலிடெக்னிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் கண்டுசொன்னார்கள்: பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தாலும், பயனர்பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸை 28 முறை தட்டினால் அப்போதைய கிரப் தன் ரெஸ்க்யூ திரைக்கே அழைத்துப் போய்விட்டது. மவுண்ட் வேண்டாம், சி-ரூட் வேண்டாம். வீட்டுக்காரனிடம் அத்தனை கறார் காட்டும் கிரப், வழிப்போக்கனை ஒரே விசைக்கு உபசரித்த அழகை என்னென்பது!