சாமி குற்றமா, ரேடியோ குற்றமா?

கேள்வி: வீட்டில் நானே செய்த மைக்கேல்சன் இன்டர்ஃபெரோமீட்டரில், மாசி மகத்தன்று மட்டும் ஒளிவரிகள் துள்ளின. தீர்த்தவாரிக்கு வந்த சாமிகளின் வேலையா?
– கல்லூரி மாணவர், வைத்திக்குப்பம்

பதில்: சாமிகள் மேல் பழி போடாதீர்கள், பந்தோபஸ்துக்கு வந்த வாக்கிடாக்கிகளைச் சந்தேகப்படுங்கள். அவை பேசும் 150 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2 மீட்டர். பேட்டரியிலிருந்து லேசர் டயோடுக்கு அரை மீட்டர் ஒயர் இழுத்திருந்தால் அது சரியாகக் கால் அலை; உங்களுக்குத் தெரியாமலே ஆன்டெனா கட்டிவிட்டீர்கள்! சின்னச் சிவப்பு டயோடு குடிப்பதே சில பத்து மில்லியாம்பியர். அதில் துளி ஏறி இறங்கினாலும் வெளிச்சம் மாறும், ஒளியின் அலைநீளம் நகரும், வரிகள் துள்ளும்.

சாமிகளோடு வந்த மேளத்தின் அதிர்வும் இதையே செய்யும். யார் குற்றவாளி? கண்ணாடிகளை ஒதுக்கிவிட்டு, லேசரை நேராக ஃபோட்டோடயோடில் விழவிடுங்கள். அப்போதும் அளவு தடுமாறினால் மேளம் நிரபராதி.

தண்டனை: ஒயரை விரலளவாகக் குறைத்து முறுக்குங்கள். அதில் ஃபெரைட் மணி கோத்துவிடுங்கள். டயோடின் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் பற்றவையுங்கள். எல்லாவற்றையும் தகர டப்பாவில் அடைத்து, டப்பாவை எர்த்தோடு இணையுங்கள். லேசர் எரிகிறதா என்று மட்டும் எட்டிப் பார்க்காதீர்கள். கெபாசிட்டர் கடையில் கிடைக்கும், கண் கிடைக்காது.