பிடிவாதப் பூனையை ஈர உணவுக்கு மாற்றும் முறை

கடையில் விற்கும் பூனை உணவு இரண்டு வகை. பையில் வரும் உலர் உருண்டையில் 6 முதல் 10 சதவீதம் வரை நீர் இருக்கிறது. பவுச்சிலோ டின்னிலோ வரும் ஈர உணவில் நீர் 75 முதல் 80 சதவீதம். எலியின் உடலிலும் ஏறக்குறைய 70 சதவீதம் நீர்தான். ஆக, ஈர உணவு எலிக்கு நெருங்கிய சொந்தம். உலர் உருண்டை பொட்டுக்கடலைக்கு நெருங்கிய சொந்தம். வருஷக்கணக்காகப் பொட்டுக்கடலையில் வாழ்ந்த பூனையின் முன்னால் எலியின் சொந்தக்காரரைக் கொண்டுபோய் வைத்தால் அது துள்ளிக் குதிக்கும் என்று மனிதர்கள் எதிர்பார்க்கிறார்கள். பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டு, தரையைக் காலால் பறித்து மூடுவதுபோல் பாவனை செய்துவிட்டுப் போய்விடுகிறது. மிஞ்சிய இரையைப் புதைத்து மறைக்கும் பழைய காட்டுப் பழக்கத்தின் மிச்சம் இது என்று விளக்கம் சொல்லப்படுகிறது. மலத்தை மூடும்போதும் பூனை இதே செய்கையைத்தான் செய்கிறது என்பதை வீட்டார் மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இந்த மாற்றத்தின் தேவை தண்ணீரிலிருந்து தொடங்குகிறது. வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் திரிந்த ஃபெலிஸ் லிபிகா என்னும் காட்டுப்பூனை. அதற்கு வேண்டிய நீரில் பெரும்பகுதி இரையின் உடலிலிருந்தே கிடைத்தது. 1959-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மீனும் இறைச்சியும் தின்ற பூனைகள் குடிநீர் இல்லாமலே சமாளித்தன. இந்தப் பரம்பரையில் வந்ததால் பூனைக்குத் தாகம் குறைவு. சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சம்பிடிக்கும் திறன் அதிகம். உலர் உணவு தின்னும் பூனை கிண்ணத்தில் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும். அப்படியும் மொத்தக் கணக்கில் ஈர உணவுப் பூனையின் அளவை அது எட்டுவதில்லை. சிறுநீர் கெட்டிப்பட்டால் சிறுநீர்ப்பையில் படிகங்களும் கற்களும் சேர வாய்ப்பு கூடும். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. அது அடைத்துக்கொண்டு, மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அது உயிருக்கே ஆபத்து. சிறுநீர்த் தொல்லை உள்ள பூனைகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் ஈர உணவைச் சொல்வது இதனால்தான்.

உலர் உணவுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் ஒன்று, அது பல்லைச் சுத்தமாக்கும் என்பது. சாதாரண உருண்டை பல்லின் நுனி பட்டதும் உடைந்துவிடுகிறது. சில பூனைகள் அதைக் கடிக்காமலே விழுங்கிவிடுகின்றன. பல்லுக்கென்றே தனியாகத் தயாரிக்கப்படும் உணவுகளைத் தவிர மற்றவற்றிடம் இந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. விலை குறைவு, சீக்கிரம் கெடாது, தேவையான சத்துகள் எல்லாம் உண்டு என்ற மற்ற வாதங்கள் சரியானவை. உலர் உணவிலேயே நெடுங்காலம் வாழ்ந்த பூனைகள் ஏராளம். அவற்றின் பெயரைச் சொல்லித்தான் வீட்டில் ஒருவர் இந்த மாற்றத்தை முதல் நாளே எதிர்ப்பார்.

அடுத்தது, பூனை ஏன் மறுக்கிறது என்பது. உலர் உணவு அழுத்தத்திலும் சூட்டிலும் பிதுக்கப்பட்டு உருண்டையாகிறது. அமெரிக்காவின் பியூரினா நிறுவனம் 1957-இல் இந்த முறையில் நாய் உணவை விற்கத் தொடங்கிய பிறகு இது பரவியது. பிதுக்கிக் காயவைத்த உருண்டையில் பூனையைக் கவரும் மணம் அதிகம் இருக்காது. ஆகவே கடைசியில் அதன்மேல் கொழுப்பையும், நொதிகளால் கரைத்த இறைச்சிச் சாற்றையும், பெரும்பாலும் பைரோபாஸ்பேட் உப்புகளையும் தெளிக்கிறார்கள். பூனை மயங்கிக் கிடப்பது உருண்டையிடம் அல்ல, உருண்டை போட்டிருக்கும் சட்டையிடம். இந்த விவரம் பின்னால் பயன்படும்.

பூனையின் நாக்கு மனித நாக்கைவிடச் சாமானியமானது. மனிதருக்குப் பல ஆயிரம் சுவை மொட்டுகள் இருக்க, பூனைக்குச் சில நூறுதான். இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணரும் ஏற்பிக்கு வேண்டிய ஒரு மரபணு பூனைக் குலத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தினர் கண்டறிந்தார்கள். குலாப் ஜாமூனை முகர்ந்துவிட்டு விலகும் பூனைக்கு வைராக்கியம் எதுவும் இல்லை என்பது இதனால் விளங்கும். உணவை ஏற்பதா தள்ளுவதா என்பதை முதலில் முடிவுசெய்வது மூக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஈர உணவில் மணம் எழாது. மணக்காத பொருள் பூனையின் கணக்கில் உணவே இல்லை. மூக்கைத் தாண்டினாலும் வாயில் படும் பதம் பழகியதாக இருக்க வேண்டும். குட்டிப் பருவத்தில் மொறுமொறுப்பை மட்டும் அறிந்த பூனை, குழைவான ஒன்றைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ள நாளாகும்.

ஒருமுறை பட்ட கசப்பையும் பூனை மறப்பதில்லை. தெனாலிராமன் கதையில் வரும் பூனை முதல்முறை கொதிக்கும் பாலில் வாயை வைத்துச் சுட்டுக்கொண்ட பிறகு பாலைக் கண்டாலே ஓட்டமெடுத்தது. அரசவையும் அதை நேரில் பார்த்தது. கதை எப்படியோ, பாடம் உண்மை. புதிய ஈர உணவுக்குள் மாத்திரையை ஒளித்துவைப்பவர்கள் மாத்திரை, உணவு இரண்டையும் ஒரே நாளில் இழக்கிறார்கள். ஆளைப் பிடித்து வாயில் திணிப்பதன் பலனும் அதுவே.

இந்தக் கட்டத்தில் வீட்டுப் பெரியவர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: “ரெண்டு நாள் பட்டினி போடு, தானா வழிக்கு வரும்.” பூனை விஷயத்தில் இந்த யோசனையை அடியோடு தள்ள வேண்டும். சில நாள் தொடர்ந்து உண்ணாத பூனையின் உடல், சேமித்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. அவ்வளவையும் கையாள முடியாமல் கல்லீரல் கொழுப்படைந்து பழுதாகிறது. மஞ்சள் காமாலை வரை போய், குழாய் வழியாக வாரக்கணக்கில் உணவு ஊட்டும் நிலை வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். கொழுத்த பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். அதாவது, நன்றாகத் தின்று வளர்ந்த பூனையைத்தான் பட்டினி போடவே கூடாது. ஆகவே இந்தப் பேச்சுவார்த்தையில் மனிதர் தரப்புக்கு மிரட்டும் உரிமை கிடையாது. உண்ணாவிரதம் இருக்கும் உரிமை பூனைக்கு மட்டும் உண்டு. 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் பழைய உணவைக் கொடுத்துவிட வேண்டும். அதையும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு இந்தக் கெடு இன்னும் குறைவு.

இனி முறை. முதலில் மருத்துவரிடம் காட்டி, எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பல்வலியால் மறுக்கும் பூனையிடம் சுவைமாற்றப் பிரசாரம் செய்து பயனில்லை. நீரிழிவுக்கு இன்சுலின் போடும் பூனைக்கு உணவில் மாவுச்சத்து குறைந்தால் மருந்தின் அளவும் மாறும் என்பதால், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடங்கக் கூடாது. வீடு மாறும் வாரமும், உறவினர் குழந்தைகள் விடுமுறைக்கு வரும் வாரமும் இதற்கு ஏற்றவை அல்ல.

இரண்டாவது, நாள் முழுதும் நிறைந்திருக்கும் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். பூனை இயல்பாகவே நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை கொறிக்கும் பிராணி. கிண்ணம் நிறைந்தே இருந்தால் அதற்குப் பசி என்ற அனுபவமே வாய்ப்பதில்லை. பழைய உலர் உணவையே மூன்று வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் அரைமணி நேரம் வைத்து எடுத்துவிட வேண்டும். மொத்த அளவு குறையக் கூடாது. பட்டினிக்கும் பசிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அடுத்த வேளை எப்போது என்று பசித்திருக்கும் பூனைக்குத் தெரியும். அதிகாலை நான்கு மணிக்கு அதை மார்பின்மேல் ஏறி நின்று நினைவூட்டவும் தெரியும். இந்தத் திட்டம் பெரும்பாலும் பூனையால் கெடுவதில்லை. “வாயில்லா ஜீவன், பாவம்” என்று யாரும் பார்க்காதபோது ஒரு கைப்பிடி போடும் தாத்தாவால் கெடுகிறது. வாயில்லா ஜீவன் அதற்குள் வீடு முழுக்கக் கேட்கும்படி ஐந்து முறை கத்தியிருக்கும்.

மூன்றாவது, அறிமுகம். உலர் உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தனித் தட்டில் ஒரு தேக்கரண்டி ஈர உணவு. கலக்கக் கூடாது, கெஞ்சக் கூடாது. அந்த மணமும் சாப்பாட்டு வேளையும் சேர்ந்தே வரும் என்று பூனை பழகுவதுதான் இப்போதைய நோக்கம். உணவு ஏறத்தாழ 37, 38 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். அப்போது பிடித்த எலியின் உடல் சூடு அவ்வளவுதான். பவுச்சை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு வைத்தால் போதும். மைக்ரோவேவில் சூடாக்கினால் ஓரிடம் கொதித்து ஓரிடம் ஆறியிருக்கும்; நன்றாகக் கிளறாமல், விரலை வைத்துப் பார்க்காமல் கொடுத்தால் தெனாலிராமன் பூனை இன்னொன்று உருவாகும்.

நான்காவது, கலப்பு. முன்பு சொன்ன சட்டை இங்கே உதவுகிறது. உலர் உருண்டையை மிக்ஸியில் பொடித்து ஈர உணவின்மேல் தூவினால், பழகிய மணம் மேலேயும் புதிய பொருள் கீழேயும் இருக்கும். பொடியை நக்கும் நாக்கில் அடியில் உள்ளதும் ஒட்டும். நாளாக ஆகப் பொடியைக் குறைக்க வேண்டும். எதிர்வழியும் உண்டு: உலர் உருண்டையில் சிறிது வெந்நீர் விட்டு, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூட்டி, பதத்தை இளக்கிக்கொண்டே போவது. பையின் பின்புறத்தில் ஏழு முதல் பத்து நாளில் மாற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். அது வயிற்றுப்போக்கு வராமலிருக்க வகுத்த கணக்கு. பிடிவாதப் பூனைக்கு மாதங்கள்கூட ஆகலாம். ஒரு கலவையை இரண்டு மூன்று நாள் மிச்சமில்லாமல் தின்ற பிறகே ஈரப் பங்கைக் கூட்ட வேண்டும். நின்றுவிட்டால் ஒரு படி இறங்க வேண்டும். உருண்டைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நக்கித் துடைத்து, ஈர உணவைத் தட்டிலேயே விட்டுவிடும் பூனைகளும் உண்டு. அவற்றிடம் கலப்பைக் கைவிட்டுத் தனித் தட்டுக்குத் திரும்புவதே மரியாதை.

ஐந்தாவது, பதத் தேர்வு. ஈர உணவு மசியலாக, கிரேவியில் துண்டுகளாக, ஜெல்லியில், நார் நாராக என்று பலவிதமாக வருகிறது. கோழி மசியலை வெறுக்கும் பூனை கோழி ஜெல்லியை ஏற்கக்கூடும். எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கிப் பார்க்க வேண்டும். முதல் தட்டு காலியானதும் சலுகை விலையில் ஒரு பெட்டி நிறைய வாங்குவது மனித இயல்பு. பெட்டி வந்து சேர்ந்ததும் அந்தச் சுவையை அறவே மறுப்பது பூனை இயல்பு. இரண்டையும் மாற்ற முடியாது; பெட்டி வாங்காமல் இருப்பது மட்டும் முடியும்.

தூண்டில் பொருள்களில் கவனம் வேண்டும். உப்பு, மசாலா சேர்க்காமல் கோழியோ மீனோ வேகவைத்த தண்ணீர் நல்லது. ஜப்பானியச் சமையலில் வரும் உலர்ந்த சூரைமீன் சீவலில் ஒரு சிட்டிகையும் ஆகும். கருவாட்டின் மணத்துக்குப் பூனை உயில் எழுதித் தரும். அதன் உப்புதான் ஒத்துக்கொள்ளாது. குழம்பு மீனைக் கழுவிப் போட்டாலும் வெங்காயமும் பூண்டும் அதில் ஊறியிருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனைக்குக் கம்பர் தம்மை அடக்கத்தோடு ஒப்பிட்டுக்கொண்டார். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் லாக்டோஸ் செரிப்பதில்லை என்பதால், அந்த முயற்சி முடியும் முன்பே அதற்கு வயிறு கலங்கியிருக்கும். வெறும் மீனையும் தயிர்சாதத்தையும் நிரந்தர உணவாக்குவதும் சரியல்ல. டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் இதயத் தசை விரிந்து பலவீனமாகிறது என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். கண்ணின் விழித்திரையும் கெடும். பவுச்சில் அது முழுமையான உணவு என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இடைத்தீனி வகைகளும் அதே அலமாரியில், அதே பூனைப் படத்தோடு இருக்கும்.

அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 200 கிலோகலோரி போதும். உலர் உணவில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி. ஈர உணவில் சுமார் 80 முதல் 100. ஆகவே 50, 55 கிராம் உருண்டை செய்த வேலைக்கு 200 முதல் 250 கிராம் ஈர உணவு வேண்டும். சிறிய பவுச்சில் மூன்று. பூனையின் சாப்பாட்டுச் செலவு வீட்டாரின் மீன் செலவைத் தாண்டுவது இந்த இடத்தில்தான். வாரம் ஒருமுறை எடை பார்த்து, உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

பிரித்த பவுச்சை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தட்டில் வைத்ததைச் சென்னை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் எறும்புகள் எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு எந்தப் பதமும் சம்மதம்.

முயற்சி வெற்றி பெற்றதற்கு அடையாளம் மணல் தட்டில் தெரியும்: சிறுநீரில் கட்டியாகும் மணல் உருண்டைகள் பெரிதாகும், தண்ணீர்க் கிண்ணம் குறைவாகக் காலியாகும். பாதி வெற்றியும் வெற்றிதான். ஒரு வேளை ஈரம், மற்ற வேளை உலர் என்று பூனை உடன்பாட்டுக்கு வந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். எதற்கும் இணங்காத பூனைக்கு உலர் உணவிலேயே நீர் தெளித்தும், வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தும் உள்ளே போகும் நீரைக் கூட்டலாம். ஓடும் நீரை விரும்பும் பூனைக்குச் சிறு நீரூற்றுக் கருவி உதவும். குட்டி வளர்ப்பவர்கள் தாய்ப்பால் மறக்கும் பருவத்திலிருந்தே உலர்ந்தது, குழைந்தது, துண்டு, ஜெல்லி என எல்லாப் பதத்தையும் மாறி மாறிக் காட்டிவிடுவது நல்லது. பிற்காலத்தில் மருத்துவர் எந்த உணவைச் சொன்னாலும் பூனையின் ஒப்புதல் முன்கூட்டியே வாங்கப்பட்டிருக்கும்.