பரண் ஒழிக்கும் படலம்

வீட்டை ஒழிக்க ஏற்ற காலம் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் போகிக்கும் நடுவிலுள்ள இரண்டு வாரம். டிசம்பரிலேயே ஆரம்பித்தால், "போகிக்கு எப்படியும் ஒழிக்கத்தானே போறோம், இப்ப என்ன அவசரம்?" என்பார்கள். பொங்கல் கழித்து ஆரம்பித்தால், "போகிக்கே செய்யலை, இனிமே என்ன?" என்பார்கள். அந்த இரண்டு வாரத்திலும் செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அதைவிட ஆபத்து வேறில்லை. விளக்கு வைத்த பிறகு குப்பையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார்கள். கழித்துப் பார்த்தால் ஒரு புதன்கிழமை முற்பகல் மிஞ்சும். அதைக் கோட்டை விட்டுவிடாதீர்கள்.

ஆள் மூன்று பேர் வேண்டும். மேலே ஏற ஒருவர், கீழே வாங்க ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்து "அது வேணும்" என்று சொல்ல ஒருவர். முதல் இருவர் கிடைக்காமல் போகலாம். மூன்றாமவர் எப்படியும் வந்து உட்கார்ந்துவிடுவார். ஏணியை எதிர்வீட்டில் இரவல் வாங்குங்கள். அது உங்கள் ஏணிதான் என்பது அப்போது தெரியவரும்.

ஜப்பானின் மேரி கொண்டோ அம்மையார் வழியைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஒவ்வொரு பொருளாகக் கையில் எடு, மகிழ்ச்சி தருகிறதா என்று பார், தராவிட்டால் நன்றி சொல்லி வழியனுப்பு என்பது அவர் முறை. 2019 புத்தாண்டு அன்று நெட்ஃப்ளிக்ஸில் அவருடைய நிகழ்ச்சி வந்ததும் ஊர் ஊராக அலமாரிகளைக் கவிழ்த்தார்கள். நம் வீட்டில் அது செல்லாது. அங்கே விவகாரம் பொருளுக்கும் உங்களுக்கும் இடையில். இங்கே இடையில் பெரியத்தை இருக்கிறார். கிழிந்த சல்லடையை எடுத்து, இது மகிழ்ச்சி தருகிறதா என்று நீங்கள் யோசித்து நிற்கும்போதே, "அது எங்கம்மா எனக்குச் சீர் கொடுத்தது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். (நீங்கள் வாயே திறக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆராயாதீர்கள்.) மூன்றாவது குழந்தைக்குப் பிறகு தன் வீட்டை ஒழுங்காக வைப்பதைத் தானும் ஓரளவு விட்டுவிட்டதாக அந்த அம்மையாரே 2023இல் சொல்லிவிட்டார். மூன்று குழந்தைக்கே அப்படி. மாமியார், நாத்தனார், ஓரகத்தி எல்லாம் அவர் கணக்கில் வரவேயில்லை.

பாத்திரத்தில் கை வைக்கும் முன் அதன் கழுத்தைப் படியுங்கள். இனிஷியலோடு பெயர், ஊர், கல்யாணத் தேதி எல்லாம் வெட்டியிருக்கும். அதை அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் குடும்பத்துக்குப் புதியவர்கள். அது பட்டா. கொடுத்தவர் கண்ணை மூடி வருஷம் பல ஆகியிருந்தாலும், அவர் மகன் உங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்கும்போது சொம்பைத் திருப்பிப் பார்ப்பார். பெயர் வெட்டும் பழக்கத்தின் நோக்கமே, நீங்கள் அதை இன்னொரு கல்யாணத்தில் தள்ளிவிடக் கூடாது என்பதுதான் என்பது என் கட்சி. அப்படியும் தள்ளிவிட்டவர்கள் உண்டு. ஒரே குடத்தில் இரண்டு பெயர், முதல் பெயரின்மேல் கோடு. அந்தக் குடம் கடைசியில் யார் வீட்டுப் பரணில் இருக்கிறதோ அவர்கள்தான் இரண்டு குடும்பத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

பழைய பாத்திரக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லாதீர்கள். பித்தளையைக் கொட்டிக் கொடுத்து எவர்சில்வர் வாங்கிய தலைமுறை அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. இப்போது பேத்தி கடை கடையாக ஏறி, விலை கொடுத்துப் பித்தளை உருளி வாங்கிவந்து, ஹாலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறாள். "அன்னைக்கே சொன்னேன்" என்பார் பாட்டி. அன்றைக்கு அவர்தான் கொண்டுபோய்ப் போட்டார். இருந்தாலும் வாதத்தில் வெற்றி அவருக்கே. ஆகவே பித்தளை அண்டாவை எடைக்குப் போடாமல், "பத்திரமா இருக்கட்டும்" என்று தங்கை வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் பரணில் இடம் கிடைக்கும். சீர் கொடுத்த பெயரும் கிடைக்கும்.

அண்டாவுக்குப் பின்னால் 2006க்குப் பிறகு ஒரு கட்சி ஆட்சியில் இலவசமாக வந்த கலர் டிவியும், 2011க்குப் பிறகு எதிர்க்கட்சி ஆட்சியில் வந்த மிக்ஸியும் கிரைண்டரும் தோளோடு தோள் உரசி நிற்கும். தமிழ்நாட்டில் வேறெங்கும் அமையாத கூட்டணி. கலைக்காதீர்கள்.

காகிதங்களுக்கு வருவோம். பழைய பேப்பர்காரர் இங்கிலீஷ் பேப்பருக்கு ஒரு விலை, தமிழ்ப் பேப்பருக்கு அதைவிடக் குறைந்த விலை சொல்வார். இதைக் கேட்டுத் தாத்தாவுக்கு மொழியுணர்வு பொங்கினால் அன்றைய வியாபாரம் முடிந்தது. அதைத் தாண்டிவிட்டாலும், எந்தக் கட்டின் கயிற்றையும் அவிழ்க்காதீர்கள். நடுவில் எங்கோ, 1950களில் கல்கியில் வாரா வாரம் வந்த பொன்னியின் செல்வனைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டு புத்தகம் இருக்கும். அதில் ஒரு பாகம் மட்டும் இருக்காது. யார் இரவல் கொண்டுபோனார்கள் என்று தொடங்கும் விசாரணை, மணியம் படம் வரைந்த பக்கங்களில் நின்று, மதியச் சாப்பாட்டுக்குத்தான் கலையும். பேப்பர்காரர் தராசை மடித்துக்கொண்டு போயிருப்பார்.

கரையான் அரித்த மற்ற நோட்டுகளையாவது போடலாமே என்று கேளுங்கள், உ.வே.சாமிநாதையர் வருவார். "அவர் மட்டும் ஊர் ஊரா அலைஞ்சு ஏட்டைத் தேடலைன்னா உனக்குப் புறநானூறு ஏது?" என்று தாத்தா கேட்பார். புறநானூற்றை அவர் 1894இல் பதிப்பித்தார் என்பதும், சுவடிகளை நெருப்பிலும் ஆற்றிலும் விட்ட காலத்தில்தான் அவர் அலைந்தார் என்பதும் உண்மைதான், மறுக்க முடியாது. கையில் இருப்பது 1987ஆம் வருஷத்துப் பால் கணக்கு நோட்டு என்பதையும் மறுக்க முடியாது. அந்த நோட்டை மேலேயே வையுங்கள். கூடவே உள்தாள் ஒட்டி ஒட்டித் தடித்த ரேஷன் கார்டையும். 2017லேயே ஸ்மார்ட் கார்டு வந்துவிட்டதே என்று வாதாட வேண்டாம், "கவர்மென்ட் எப்ப என்ன கேட்கும்னு யாருக்குத் தெரியும்?" என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் கிடையாது.

சாமி படக் காலண்டர், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை: குப்பையில் போடக் கூடாது, எரிக்கக் கூடாது. விடியுமுன் அரசமரத்தடிக்குப் போங்கள். தெருவே அங்கே நிற்கும், ஒருவரையொருவர் பார்க்காமல்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. நம் சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஒரு கவருக்குள் ஒரு கவர் என்று திணித்துத் தொங்கும் மூட்டையை யாரும் சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. நம் வீட்டில் யாரும் எதையும் ஒருமுறையோடு விட்டதேயில்லை.

பழைய துணிக்குப் பிளாஸ்டிக் சாமான் தருபவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். நான்கு பேன்ட், மூன்று சேலை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு ஒன்று கொடுத்தால் ஒரு டப் கிடைக்கும். மூடி இருக்காது. அதைக் கவிழ்த்து வைக்கப் பரணில் இடம் ஒதுக்குங்கள்.

இனி போகி. டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கெஞ்சுகிறது. 2018இல் பனியும் போகிப் புகையும் கலந்து சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் தடுமாறின. ஆகவே, இவ்வளவு ஒழித்ததில் தேறிய கோரைப்பாய் ஒன்று, தேய்ந்த முறம் ஒன்று, இவற்றை மட்டும் விடியுமுன் வாசலில் கொளுத்துங்கள். பிள்ளைகள் மேளம் தட்டுவார்கள். "அந்தப் பாயில இன்னும் ரெண்டு வருஷம் படுத்திருக்கலாம்" என்று பின்னாலிருந்து கேட்கும் குரலுக்குத் திரும்பாதீர்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று தங்கை குடும்பத்தோடு வருவார். கரும்பு, வாழைத்தார் எல்லாம் இறங்கிய பிறகும் கார் டிக்கி மூடாது. "அண்ணே, எங்க வீட்லயும் போகிக்குப் பரண் ஒழிச்சோம்" என்று ஆரம்பிப்பார். பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒற்றை ஆளாய்த் தூக்கிவிடாதீர்கள். அண்டா கனம், ரெண்டு பக்கமும் ஆள் பிடிக்க வேண்டும்.