குளிருக்குப் பில் கட்டுற பேரனுக்கு

மோனை, வீடு சூடாக்கின கணக்கெண்டு உனக்கு வந்த பில்லைப் போனில காட்டினாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாய்ப் பார்த்தன். அந்தக் காசுக்கு இஞ்ச நெடுந்தீவில ஒரு நாம்பன் கண்டு வாங்கிக் கட்டலாம். அது இரவில தன்ர பாட்டில சூடு தரும், விடிய எழும்பச் சாணியும் தரும். உன்ர ஹீற்றர் என்ன தருகுது? உர்ரெண்டு ஒரு சத்தம்.

தீவுக் கிழவனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியுமெண்டு சிரிக்கிறாய். சிரி. மார்கழி, தை விடியப்புறத்தில இஞ்ச 22, 23 பாகைக்கு இறங்கும். அதுக்கே நாங்கள் குரங்குத் தொப்பியும் மப்ளரும் போட்டுக்கொண்டுதான், திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்டுக் கோயிலுக்குப் போறது. ஊருக்கு வந்த நீ அரைக் காற்சட்டையோட நிண்டு எங்களைப் படமெடுத்து உன்ர சிநேகிதப் பெடியளுக்கு அனுப்பினாய். சரி, நீ இருக்கிற ரொறன்ரோவில மாநகர சபை என்ன சட்டம் போட்டிருக்கு? குளிர் மாதங்களில வாடகை வீட்டுக்குள்ள 21 பாகைக்குக் குறையாமல் வீட்டுக்காரன் சூடு குடுக்கவேணும். சொந்த வீட்டுக்காரன் நீயும் அந்த 21, 22லதானே திருகி வைச்சிருக்கிறாய். அப்ப நீ மாதாமாதம் காசு கட்டி வாங்கிறது என்ன? எங்கட மார்கழி விடியற்காலை. அதைத்தான் நான் இஞ்ச ஒரு சதம் குடுக்காமல், ஒரு தொப்பியோட வாங்கிறன்.

தொப்பியைப் பகிடி பண்ணாதை. வீட்டைச் சூடாக்கிறது பணக்காரன்ர வேலை, ஆளைச் சூடாக்கிறது கெட்டிக்காரன்ர வேலை. சுவருக்கும் முகட்டுக்கும் குளிராது மோனை, உனக்குத்தான் குளிருது. ரெண்டு சட்டைக்கு நடுவில அகப்படுற காற்று இருக்கே, அதுதான் சூட்டை வெளிய விடாமல் மறிக்கிறது. ஒரு தடிச்ச சட்டையை விட ரெண்டு மெல்லிசுச் சட்டை திறம். உன்ர அம்மம்மா பழைய சேலையை நாலாய் மடிச்சு, ஓரம் தைச்சுப் போர்த்ததும் இதுதான். அவ பள்ளிக்கூடத்தில படிச்சதில்லை.

பாகையைப் பார்த்துக் குளிரை அளக்கிறதும் முழுக் கதை இல்லை. காற்றையும் ஈரத்தையும் பார். 2022 டிசம்பரில மாண்டஸ் புயல் வந்த நேரம் வடக்கிலயும் கிழக்கிலயும் ஆயிரத்துக்கு மேல மாடும் ஆடும் குளிரில செத்துப்போச்சு. பனி கொட்டேல்லை, குளம் உறையேல்லை. மழையில ஊறின தோல், அதுக்கு மேல அடிச்ச வாடை, பட்டியில வெறும் வயிறு. மூண்டும் ஒண்டாய்ச் சேர விழுந்துதுகள். அந்த மாட்டுக்காரர் சிலருக்கு இருந்த சீவியமே அதுதான். இதில எனக்குப் பகிடி வராது. தண்ணி, காற்றை விட 20 மடங்குக்கு மேல கெதியாய் உடம்புச் சூட்டை இழுத்துப்போடும். நனைஞ்ச மேசோட வந்து ஹீற்றரைக் கூட்டாதை, முதல்ல மேசைக் கழற்று.

காற்றுக்கு என்ன செய்யிறது? எங்கட கல்வேலியைப் பார்க்க ஆக்கள் கடல் கடந்து வருகினம். சாந்தில்லாமல் அடுக்கின பவளக்கல், இடையிடையே பொந்து. பூசக் காசில்லாத சனம் எண்டு நினைச்சியோ? முழுக்க அடைச்ச மதிலெண்டால் வாடை அதில ஏறிப் பாய்ஞ்சு உள்பக்கம் சுழண்டு அடிக்கும். பொந்து வேலிக்குள்ளால வந்தால் வேகம் செத்து, சாந்தமாய் வரும். கிடுகு வேலியும் அந்தச் சாதிதான். ஆனால் இதைக் கேட்டுப்போட்டு உன்ர வீட்டுக் கதவடியிலயும் பொந்து வைச்சிடாதை. வளவுக்குத்தான் பொந்து, அறைக்கு அடைப்பு. பழைய சாரத்தைச் சுருட்டிக் கதவடியில வை, யன்னலுக்குத் தடிச்ச சீலை போடு. அதுக்கெல்லாம் பில் வராது.

உன்ர கொப்பர் இஞ்ச கட்டிவிட்ட மாடி வீட்டைப் பற்றியும் சொல்லவேணும். நிலம் முழுக்கப் பளபளெண்டு ரைல்ஸ், முகட்டைப் பார்க்கக் கழுத்து நோகும், பதினொரு யன்னல். அதில இப்ப சீவிக்கிறது ரெண்டு பல்லியும் ஒரு ஏசிப் பெட்டியும். நான் பழைய கொட்டிலிலதான் படுக்கிறன். சாணி மெழுகின நிலமும் ரைல்சும் ஒரே குளிரில கிடந்தாலும், ரைல்ஸ் காலில இருக்கிற சூட்டை உடன உறிஞ்சிப்போடும், மெழுகின நிலம் மெல்லத்தான் எடுக்கும். அதுக்கு மேல ஒரு சாக்கு, சாக்குக்கு மேல பனையோலைப் பாய். கொப்பருக்கு இதைச் சொல்லாதை, மனவருத்தப்படுவார். அப்பு மாடியிலதான் படுக்கிறார் எண்டு சொல்லு.

மார்கழியில குறிகட்டுவானில குமுதினிப் படகு ஏறி வந்தவனுக்குத் தெரியும், மேல காற்றில நிண்டவன் நடுங்க, உள்ளுக்கு ஆக்களோட நெருங்கி இருந்தவனுக்கு வேர்க்கும். ஒரு ஆள் சும்மா குந்தி இருந்தாலே 100 வாற் பல்பு அளவுக்குச் சூடு விடுகுதாம் உடம்பு. பத்துப் பேர் ஒரு அறையில இருந்தால் ஆயிரம் வாற் ஹீற்றர். நீ நாலு பேருக்கு ஐஞ்சு அறை வீடு வாங்கி, ஆளுக்கொரு அறையில கதவைப் பூட்டிப்போட்டு ஆளுக்கொரு போனைப் பார்க்கிறியள். பின்னேரத்தில எல்லாரும் ஒரு அறையில இருங்கோ. சண்டை வந்தால் இன்னும் நல்லம், சூடு கூடும்.

அடுப்பைப் பற்றிச் சொல்லப் பயமாய்க் கிடக்கு, ஏனெண்டால் நீ செய்து பார்ப்பாய். 2022ல காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில நிக்க, பனையின்ர ஊமலும் பன்னாடையும் கொக்கறையும் சேர்த்து வைச்சிருந்தவன் இஞ்ச கால்மேல கால் போட்டுத் தேத்தண்ணி குடிச்சான். ஊமல் கரி கனநேரம் தணலாய் நிக்கும். ஆனால் எங்கட ஓலைக் குசினியில புகை போக நூறு வழி. உன்ர வீடு காற்றுப் புகாத பெட்டி. 2013 டிசம்பரில ரொறன்ரோவில ஐஸ் மழை பெய்து மூண்டு லட்சம் இணைப்புக்குக் கறண்ட் போனபோது, கரி அடுப்பை வீட்டுக்குள்ள கொண்டுபோனவையாலயும் தீயணைப்புக்காரருக்கு ஓட்டம். அந்தக் காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையிலயே கொண்டுபோயிடும். தணல் வளவில, நீ வீட்டில. இதில மட்டும் சொல்வழி கேள்.

வயித்துக்குள்ள சூடு வேணுமெண்டால் ஒடியல் மாக் கூழ் காய்ச்சு. மீன், நண்டு, பயித்தங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய் அரைச்சுவிட்டு, கொஞ்சம் புளி. பனையோலைப் பிளாவில ஊத்தி ஊதி ஊதிக் குடிக்கவேணும். மூக்கு ஓடவேணும், ஓடாட்டில் உறைப்புக் காணாது. மிச்ச நாளைக்கு வேர்க்கொம்புக் கோப்பி. சாராயம் சூடு எண்டு உனக்கு ஆரும் சொல்லுவினம். அது இரத்தத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து, உள்ளுக்கிருந்த சூட்டை வெளிய விட்டுப்போடும், சூடு வந்தது எண்ட நினைப்பு மட்டும் மிஞ்சும். இதை எங்கட மதவடிச் சங்கத்துக்குச் சொல்லிப்போடாதை, என்னைத் தள்ளி வைச்சிடுவாங்கள்.

காசே இல்லாத வழி ஒண்டும் இருக்கு. எல்லைச் சண்டை. யாழ்ப்பாணத்தான் கதியாலை அரை அடி அங்கால நடுறது ஆசையிலதான் எண்டு வெளியூர்க்காரர் நினைக்கினம். அது மாரிக்கான தேகப்பயிற்சி. நெடுந்தீவில கல்வேலி எண்டபடியால் பலன் கூட. நீ அங்க சவளை எடுத்து, உன்ர வாசல் பனியைப் பக்கத்து வீட்டுக்காரன்ர பக்கம் கொஞ்சம் தள்ளு. அவன் திருப்பித் தள்ளுவான். ரெண்டு பேருக்கும் சட்டை நனைய வேர்க்கும், ரெண்டு வீட்டு ஹீற்றரும் நிக்கும். எங்கட வடக்கு வேலி இந்த மாரிக்கு ஒரு முழம் அங்கால போயிருக்கு. பக்கத்து வளவுக்காரன் இன்னும் திருப்பித் தள்ளேல்லை. அவன் கார்த்திகையிலயே லண்டனுக்குப் போயிட்டான், மகளின்ர வீட்டில சூட்டுக்குப் பில் கட்டிக்கொண்டு இருக்கிறானாம்.