யானைக்கு ஐம்பது, சைக்கிளுக்கு நாலு

பெறுநர்: யாழ்ப்பாணத்து வீதிகளுக்குப் பொறுப்பான ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும்

விடயம்: திருநெல்வேலிக்குச் சைக்கிளில் போய்வருதல்

மதிப்புக்குரியவர்களே,

யாருக்கு எழுதுவது என்று தெரியாததால் எல்லாருக்கும் எழுதுகிறேன். பெரிய வீதி கொழும்புக்குச் சொந்தம், அடுத்தது மாகாணத்துக்கு, ஒழுங்கை பிரதேச சபைக்கு. நகரத்துக்குள் நுழைந்தால் மாநகர சபை வந்துவிடும். மருத்துவ பீடத்திலிருந்து போதனா வைத்தியசாலைக்குச் சைக்கிள் மிதிக்கிற பிள்ளை இத்தனை இராச்சியங்களையும் ஒரே மூச்சில் கடந்துவிடுகிறாள். எங்கும் கடவுச்சீட்டுக் கேட்காமல் விடுவது உங்கள் பெருந்தன்மை.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். காப்பற் றோட் போட்டுத் தந்தீர்கள். பழைய தாரின் மேல் புதிய தார், அதன் மேல் இன்னொன்று என்று நீங்கள் ஏற்றிக்கொண்டே போனதில் வீதியின் விளிம்பு நல்ல உயரத்துக்கு வந்துவிட்டது. பின்னால் ஹயஸ் வான் ஹோர்ன் அடிக்கும்போது அந்த விளிம்பிலிருந்து கீழே மணலுக்குள் இறங்க வேண்டும். வான் போனதும் மறுபடி ஏற வேண்டும். ஏற்றம் இறக்கம் இல்லாத சுண்ணாம்புக்கல் தரையில் பிறந்த எங்களுக்கு மலையேறும் பயிற்சி இப்படித்தான் கிடைக்கிறது. இதற்கு முன்னர் எங்களுக்குத் தெரிந்த ஒரே மேடு ரயில் கடவைதான்.

மணலுக்குள் இறங்கினால் அங்கே மின்கம்பம் நிற்கும். வீதியை அகலிக்கும்போது வேம்பையும் வாகையையும் தறித்தவர்கள் கம்பத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கம்பம் வேறு திணைக்களமாம். மரத்துக்கும் ஒரு திணைக்களம் இருந்திருந்தால் இன்றைக்கு நிழலிலே போயிருப்போம். கம்பத்தைத் தாண்டினால் மூடியில்லாத வாய்க்கால். நல்லகாலம், மாரி தவிர மற்றக் காலங்களில் அதில் தண்ணீர் இல்லை.

இந்த ஊரைச் சைக்கிள் ஊராக்க நீங்கள் ஒரு சதமும் செலவழிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் பல்கலைக்கழக வளாகம் தொடங்குவதற்கு முன்னரே வாத்தியார், தபால்காரர், பாண்காரர் எல்லாரும் சைக்கிளில்தான் திரிந்தார்கள். 1990இல் மறுபடி சண்டை தொடங்கியதும் பெற்றோல் தடை, பற்றரி தடை, சீமெந்துக்கும் தடை. அப்போது விறகும் மண்ணெண்ணெய்க் கானும் நோயாளியும் சைக்கிளில்தான் போனார்கள். கரியரில் மனைவி, பாரில் பிள்ளை, ஹாண்டிலில் மரக்கறிப் பை. வீட்டுக்கு வந்ததும் அதே சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றுவார்கள். டைனமோ மின்சாரத்தில் றேடியோ செய்தி சொல்லும். வீதியில் குழி, வானத்தில் பொம்மர், ஆனாலும் பிள்ளைகள் ரியூஷனுக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணினார்கள். அந்தக் காலத்திலும் சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கவில்லை. வீதி முழுவதுமே எங்களுக்குத்தான் இருந்தது என்பதால் யாரும் கேட்கவில்லை.

போர் முடிந்து லீசிங் கம்பனிகள் வந்தன. லுமாலா சைக்கிளில் போன தங்கைமார் ஸ்கூட்டி பெப்பில் ஏறினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வெயிலில் மிதித்துப் பார்த்தவர் எவரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் ஸ்கூட்டிக்குக் காசில்லாத பிள்ளையும் அதே விரிவுரைக்குத்தான் போக வேண்டும். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து திருநெல்வேலியில் அறை எடுத்து இருக்கிற மாணவர் பலருக்கு இன்னும் பழைய சைக்கிள்தான் கதி.

2022 பெற்றோல் தட்டுப்பாடு நினைவிருக்கும். கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். ஊர் மறுபடி எங்கள் பக்கம் வந்தது. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த ரலியெல்லாம் எண்ணெய் குடித்து எழும்பியது. உத்தியோகத்தர் சிலர் அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்ப் படமும் எடுத்துப் போட்டார்கள். பெற்றோல் திரும்பியதும் அந்தச் சைக்கிள்கள் எங்கே போயின என்று கேட்பது மரியாதை இல்லை.

இனிக் கோரிக்கைக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ், சபைகள் வர்த்தமானியில் போடுகிற வாகன, விலங்கு வரிப் பட்டியலைப் படித்தேன். வியாபாரத்துக்கு ஓடும் சைக்கிளுக்கு 18 ரூபாய், மற்றதற்கு 4 ரூபாய். றிக்‌ஷாவுக்கு 7 ரூபாய் 50 சதம். குதிரை, மட்டக்குதிரை, கோவேறு கழுதைக்குத் தலா 15. யானைக்கு 50. அறவிட ஆள் வருகிறாரோ இல்லையோ, பட்டியல் பட்டியல்தான்.

கணக்குப் பார்த்தால் பன்னிரண்டரைச் சைக்கிள் ஒரு யானைக்குச் சமன். காலையில் விரிவுரை தொடங்க முதல் பரமேஸ்வராச் சந்தியில் நின்றால் ஒரு யானைக் கூட்டமே தேறும். வீதியில் யானை வந்தால் வான்காரர் பிறேக் பிடிப்பார், ஓட்டோக்காரர் ஒதுங்குவார், பொலிஸ்காரர் மற்ற வாகனங்களை மறித்து வழிவிடுவார். எங்களுக்கோ இரவில் விளக்கில்லை என்று மறிப்பதோடு பொலிசாரின் உறவு முடிகிறது. ஆகவே பதின்மூன்று பேர் சேர்ந்து போனால் எங்களை ஒரு யானையாகப் பதிவு செய்து, அதற்குரிய மரியாதையைத் தருமாறு தாழ்மையுடன் கேட்கிறேன். மிஞ்சுகிற அரைச் சைக்கிளின் வரியைச் சபையே வைத்துக்கொள்ளட்டும்.

அது முடியாது, வீதியைப் பகிர இடமில்லை என்பீர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதிகளை மூடுகிறீர்களே. ஊர் ஒன்றும் நின்றுபோகவில்லை. வாகனங்கள் சுற்றிப் போகின்றன, அயல் வீட்டுக்காரர் முற்றத்தில் சைக்கிள் விடக் காசு வாங்குகிறார்கள். அது முருகனுக்காக என்றால் சரி, நான் போட்டிக்கு வரவில்லை. மயிலுக்கு வரிப் பட்டியலில் இடமில்லை என்பதையும் பார்த்துவிட்டேன். எங்களுக்கு 25 நாள் வேண்டாம், பல்கலைக்கழக வளவைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று ஒழுங்கைகளில் காலையும் பின்னேரமும் ஒரு மணி நேரம் வான்களை மறித்தாலே போதும். காப்பற்றும் வேண்டாம், கொங்கிறீற்றும் வேண்டாம். இரண்டு மரத்தடுப்பும் அதைத் தூக்கி வைக்க ஒருவரும் போதும். அவருக்கு எந்தச் சபை சம்பளம் கொடுப்பது என்பதை நீங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும்வரை எங்கள் மாணவரே முறை வைத்துத் தூக்கி வைப்பார்கள்.

இதுவும் கடினம் என்றால் கடைசியாக ஒன்று. அடுத்த பெற்றோல் தட்டுப்பாட்டுத் திகதியை மூன்று மாதத்துக்கு முன் அறியத் தாருங்கள். போன முறை எல்லாரும் ஒரே நாளில் கடைக்கு ஓடினதில் ரியூபும் ரயரும் யானை விலைக்குப் போய்விட்டன.

இப்படிக்கு,
வீதியின் இடது ஓரத்து மணலிலிருந்து,
ஒரு சைக்கிள்காரன்