கப்பல் எண்ணும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, வா. பையைத் திண்ணையில வை. கழுத்துல தொங்குதே, அது என்னா? பைனாகுலரா? அதை எதுக்குடா கச்சிராயபாளையத்துக்குத் தூக்கிட்டு வந்தே? இங்க நிமிந்தா கல்வராயன் மலை, குனிஞ்சா கரும்புக் கொல்லை. மலை எங்கயும் ஓடிப் போவாது, வெறுங்கண்ணாலயே பார்க்கலாம். கப்பல் வேணும்னா கிழக்க நூறு கிலோமீட்டர் போவணும், கடலூருக்கு.

உங்கம்மா போன்ல ஒரே அழுகை. "அப்பா, பையன் ஆபீஸ் விட்டா நேரா மெரினா போயிடறான், இருட்டற வரைக்கும் கடலையே பார்த்துக்கிட்டு நிக்கிறான், நோட்டுல என்னமோ எழுதறான்"னு. பொண்ணு சமாச்சாரம்னு அவ நெனைச்சுட்டா. நானும் அப்படித்தான் நெனைச்சேன். கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. கடைசியில பார்த்தா கப்பலாம்! உன் ஆயாதான், "போவட்டும் விடுங்க, கப்பலுன்னா நகை நட்டு கேக்காது"ன்னா.

எங்க, அந்த நோட்டைக் காட்டு.

"புதன், மாலை 5.40. நிலக்கரிக் கப்பல். கொடி பனாமா. வேகம் 12 நாட்." எழுத்து நல்லாத்தான் இருக்குது. 12 நாட்னா நம்ம கணக்குல எவ்வளவு? ஒரு நாட் 1.852 கிலோமீட்டரா? அப்ப மணிக்கு 22 கிலோமீட்டர். ஏன்டா, இது நம்ம கரும்பு ட்ராக்டர் வேகம்டா! இதைப் பார்க்கவா மூணு பஸ் மாறிப் போறே? அரவை மாசத்துல எங்கூட இந்தத் திண்ணையில உக்காரு. ஒரு மணி நேரத்துல முப்பது காட்டறேன். பாட்டு வேற போட்டுக்கிட்டு வரும்.

அப்புறம் இது என்னா, எல்லாத்துலயும் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவு? முதலாளி கிரேக்கன், மாலுமி பிலிப்பைன்ஸ்காரன், சரக்கு இந்தோனேசியா, இறங்கறது எண்ணூரு, கொடி மட்டும் பனாமாவா? வரி கம்மி, கட்டுப்பாடு கம்மி, அதனாலன்னு எனக்கு வெளக்க வராத. ராத்திரி பத்து மணிக்கு மேல கள்ளக்குறிச்சி பைபாஸ்ல போய் நில்லு. ஏ.சி. படுக்கை பஸ் வரிசையா வரும், பின்னாடி என்.எல். நம்பர். நாகாலாந்து! அந்த பஸ்ஸு நாகாலாந்துல ஒரு டீ குடிச்சிருக்குமா? டிரைவர் சேலம், கிளீனர் திண்டிவனம். உங்க லைபீரியா இதைவிட ஒரு படி மேல. அந்த நாட்டுக் கப்பல் பதிவு வேலை நடக்கிற தலைமை ஆபீசே அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்குதுன்னு நீதான போன பொங்கலுக்குச் சொன்னே? நாகாலாந்துக்காரனுக்கு இன்னும் அந்த யோசனை தோணல.

சரி, நோட்டுல பேரு இருக்குது, கொடி இருக்குது, வேகம் இருக்குது. இதெல்லாம் உன் கண்ணு பார்த்ததா, போனு சொன்னதா? போனுதான? 300 டன்னுக்கு மேல இருக்கிற கப்பல் வெளிநாட்டுப் பயணம் போனா, "நான் இன்னார், இங்க இருக்கேன், இந்தப் பக்கம் போறேன்"னு ரேடியோவுல விடாம கத்திக்கிட்டே இருக்கணும்னு சட்டம். அது கத்தறதை உன் போனு எழுதிக் காட்டுது, அதைப் பார்த்து நீ நோட்டுல எழுதறே. இதுக்குக் கடற்கரை எதுக்குடா? நம்ம மாட்டுக் கொட்டகையில உக்காந்தே எழுதலாமே. அந்த போனு காட்டாத கப்பலை, வேணும்னே வாயை மூடிக்கிட்டுப் போற கப்பலை, காசிமேட்டுப் படகுக்காரன் பார்ப்பான். நீ பார்ப்பியா?

பழைய ஆளுங்க கண்ணையே ஏமாத்தியிருக்குது கப்பலு, இந்த போனு எம்மாத்திரம்? 1914ல எம்டன்னு ஒரு ஜெர்மன்காரன் கப்பல் வங்காள விரிகுடாவுல திரிஞ்சுது. அதுக்குப் புகைபோக்கி மூணு. பொய்யா நாலாவது ஒண்ணை நட்டுக்கிட்டு இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரியே வேஷம் போட்டுது. செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் கரைக்கு வந்து நூத்துக்கு மேல குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்திட்டுப் போயிடுச்சு. ஊரே மூட்டை கட்டுச்சு. கப்பல் போச்சு, பேரு மட்டும் நம்மகிட்ட தங்கிடுச்சு. உன் ஆயா கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னை அப்படித்தான் கூப்புடறா. "சரியான எம்டன் ஆளு"ன்னு. நான் எத்தினி புகைபோக்கி வைச்சிருந்தேன்னு அவளைத்தான் கேக்கணும்.

இப்பக் கப்பலை எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன், கேட்டுக்க. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காத. என் மச்சினன் ஒருத்தன் துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன். லீவுல வந்தான்னா ஒரு வாரம் இந்தத் திண்ணையில கப்பல் தவிர வேற பேச்சே இருக்காது.

சாயங்காலமாப் போறே பாரு, அது ஒண்ணுதான் நீ சரியாச் செய்யறே. நம்ம கடலு கிழக்க இருக்குது. மாலை வெயிலு உன் முதுகுக்குப் பின்னாலேருந்து போய் கப்பல் வயித்துல அடிக்கும். அப்ப அடிவயித்தைப் பாரு. செகப்பாத் தெரியுதா? காலி. சிப்பியும் பாசியும் ஒட்டாம இருக்க அடிக்கிற பெயிண்டு அது. செகப்பு முழுகி, மேல இருக்கிற கறுப்போ நீலமோ மட்டும் தண்ணிக்கு மேல தெரிஞ்சா, நெறமாசமா இருக்குதுன்னு அர்த்தம். உள்ள போவும்போது ஒரு நெறம், வெளிய வரும்போது ஒரு நெறம். போனு இல்லாமலே எறக்கினானா ஏத்தினானான்னு சொல்லிடலாம்.

பக்கவாட்டுல நடுவுல ஒரு வட்டம், அது குறுக்க ஒரு கோடு இருக்கும். பக்கத்துல ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடு. கோடைக்கு ஒண்ணு, மாரிக்கு ஒண்ணு, வெப்ப நாட்டுக் கடலுக்கு ஒண்ணு, நல்ல தண்ணிக்கு ஒண்ணு. உப்புத் தண்ணி தூக்கிப் பிடிக்கும், ஆத்துத் தண்ணி கொஞ்சம் இறங்க விடும், அதான் கணக்கு. அந்தந்தக் கோடு முழுகற அளவுக்குச் சரக்கு ஏத்தக் கூடாது. பிளிம்சால்னு ஒரு இங்கிலீஷ்காரரு பார்லிமெண்டுல கத்தி 1876ல கொண்டு வந்த சட்டம். ஓட்டைக் கப்பல்ல ஓவர் லோடு ஏத்தி, இன்சூரன்ஸ் பண்ணி, மாலுமியோட முழுகடிச்ச முதலாளிங்க காலம் அது. சட்டம் வந்துச்சு. ஆனா கோட்டை எங்க போடணும்னு முதல்ல சட்டத்துல சொல்லல, முதலாளி இஷ்டம்னு விட்டுட்டாங்க. ஒரு கேப்டன் எகத்தாளமா அதைப் புகைபோக்கியில வரைஞ்சு வைச்சான்னு ஒரு கதை உண்டு. 1890லதான் எடத்தையும் சட்டமே சொல்லுச்சு. நம்ம ஊர்க் கரும்பு ட்ரெய்லருக்கு அந்த மாதிரி ஒரு கோடு போடுங்கடான்னா, அந்தக் கேப்டனுக்கு அண்ணன் நம்மாளு. கரெண்டுக் கம்பி மேல போடுவான். கம்பியில சோகை மாட்டற வரைக்கும் ஏத்தலாம்னு.

மெரினாவுக்கு நேரா வரிசையா நிக்குதே, அதையெல்லாம் "காட்சி"ன்னு எழுதியிருக்கியே நோட்டுல, அதான் எனக்குச் சிரிப்பு. காட்சி இல்லடா, கியூ. உள்ள எடம் கிடைக்காம வெளிய நங்கூரம் போட்டு நிக்குது. எறக்கி ஏத்த இத்தினி நாளுன்னு கணக்குப் பேசியிருப்பான். அதைத் தாண்டினா நாளுக்கு இவ்வளவுன்னு சரக்குக்காரன் கப்பல்காரனுக்குத் தண்டம் கட்டணும். டெமரேஜ்னு பேரு. அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. நான் ஒரு ஆலை வாசல்ல, எந்த ஆலைன்னு கேக்காத, ரெண்டு ராத்திரி ஒரு பகல் வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தேன். எடை மேடை ஏறும்போது கரும்பு காஞ்சு எடை கொறைஞ்சு போயிருந்துச்சு. காத்திருந்ததுக்குத் தண்டம் யாரு கட்டினா? நான்தான். கப்பலாப் பொறந்திருக்கணும்டா.

ஆனா கப்பல்லயும் அப்படி ஒண்ணைப் பார்த்தேன். 2012ல நீலம் புயல் அடிச்சுதே, அக்டோபர் 31. பிரதீபா காவேரின்னு ஒரு எண்ணெய்க் கப்பல், சென்னைக்கு வெளிய நங்கூரம் போட்டு நின்னது, இழுத்துக்கிட்டு வந்து பெசன்ட் நகர் பக்கம் மணல்ல சொருகிடுச்சு. நான் அப்ப ஒரு கல்யாணத்துக்கு அங்க வந்திருந்தேன். கல்யாண வீட்டுல பாதிப் பேரு மண்டபத்துல இல்ல, கரையில நின்னாங்க. நானும் போனேன். யப்பா, மாடி வீடு மாதிரி நிக்குது. அவ்வளவு கிட்டத்துல! புள்ளைங்களைத் தோள்ல தூக்கி வைச்சுக்கிட்டுக் காட்டறாங்க. சுண்டல் விக்குது, பஜ்ஜி விக்குது, பஞ்சு மிட்டாய் விக்குது. கப்பல் முன்னாடி நின்னு ஜோடி ஜோடியா போட்டோ. நான்கூட ரெண்டு பொட்டலம் சுண்டல் வாங்கித் தின்னேன், பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் டீக்கடையில பேப்பர் படிக்கிறாங்க. அந்தக் கப்பலு அதுக்கு முன்னாடியே நாள் கணக்கா அங்க நின்னிருக்குது. உள்ள இருந்த பசங்களுக்குச் சம்பள பாக்கி, சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் தட்டுப்பாடுன்னு போட்டிருந்தான். புயல்ல பயந்து உயிர் காக்கிற படகுல எறங்கினாங்க, படகு கவுந்து அதுல சில பேரு செத்துட்டாங்க. பத்துப் பன்னண்டு நாள் கழிச்சுக் கப்பலை இழுத்துக்கிட்டுப் போனாங்க. எனக்கு அந்தச் சுண்டலு இன்னும் தொண்டையிலயே நிக்குது. அந்தக் கப்பலு புயலுக்கு முன்னாடி நின்ன அத்தினி நாளும் உன்னை மாதிரி ஒருத்தன் கரையில நின்னு பார்த்திருப்பான்ல? அவன் நோட்டுல என்னா எழுதியிருப்பான்? "வேகம் 0." சரியாத்தான் எழுதியிருப்பான்.

2017 ஜனவரியில எண்ணூர்ல ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சே, அப்பயும் பார்த்தோம். அத்தாம் பெரிய துறைமுகம், அள்ளினது பிளாஸ்டிக் வாளி. நம்ம வீட்டு வாளிக்கு அன்னிக்கு வந்த மரியாதை!

இன்னொண்ணு. நீ மெரினாவுல பார்க்கிறது எல்லாம் நம்ம ஊருக்குன்னு வர்ற வண்டிதான். பெரிய பெரிய கப்பலு நம்ம பக்கம் எட்டியே பார்க்காது. சிங்கப்பூர்லேருந்து சூயஸ் போறவன் இலங்கைக்குத் தெக்க, தெய்வேந்திரமுனை ஓரமாச் சுத்திக்கிட்டு அப்படியே போயிடுவான். அங்க நின்னா கப்பலு ஓயாதாம். ராமேஸ்வரத்துப் பக்கம் பூந்து வர முடியாது, மணல் திட்டு. சில எடத்துல கழுத்தளவு தண்ணிதான். 2005 ஜூலையில மதுரையில மேடை போட்டு சேதுக் கால்வாய்னு ஆரம்பிச்சாங்க. ரெண்டு வருசத்துல கோர்ட்டு, கேசு, நின்னு போச்சு. ஆக, உளுந்தூர்பேட்டை சேலம் நாலு வழிச் சாலை வந்ததும் விரைவு பஸ்ஸு ஊருக்குள்ள வராம மேம்பாலத்துல பறக்குதே, அந்தக் கதைதான் நம்ம கடலுக்கும். பைபாஸ்ல போறவனைப் பார்க்க நம்ம பைபாஸுக்குத்தான் போவணும். கேரளாவுல விழிஞ்ஞம் துறைமுகத்துல போய்ப் பாரு. 2025 ஜூன்ல எம்.எஸ்.சி. ஐரினான்னு ஒண்ணு வந்துச்சாம். 24,346 பெட்டி ஏத்துமாம், நீளம் 400 மீட்டராம். நம்ம கோமுகி அணை ரொம்பினாலே 46 அடி. அது முழுச் சுமையில தண்ணிக்குள்ள 50 அடிக்கு மேல உக்காரும். அணையில விட்டா சேத்துல எருமை மாதிரி படுத்துக்கும்.

சிரிக்கிறியா? சிரி. ஆனா நம்ம ஊருக்கும் கடலுக்கும் ஒண்ணுமில்லன்னு நெனைக்காத. இந்தக் கோமுகித் தண்ணி மணிமுத்தாத்துல சேர்ந்து, வெள்ளாத்துல சேர்ந்து, பரங்கிப்பேட்டையில கடல்ல விழுது. 1830ல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரன் அங்க இரும்பாலை வைச்சு, சேலத்துக் கல்லை உருக்கி, இங்கிலாந்து வரைக்கும் கப்பல்ல அனுப்பினான். நம்ம தண்ணிக்கு இருக்கிற கடல் பழக்கம் உனக்கு இல்லடா.

அப்புறம், நான் வாலிபத்துல மலை உச்சியிலேருந்து கப்பல் பார்த்தேன்னு சொன்னப்ப, எல்லாருக்கும் முன்னாடி "தாத்தா ரீல் விடறாரு"ன்னியே, அதை நான் மறக்கல. நீதான ஒரு கணக்குச் சொன்னே? நிக்கிற உயரம் எத்தினி அடியோ அதோட வர்க்கமூலம், அதுல கால்வாசிக்குக் கொஞ்சம் கொறைச்சுச் சேர்த்தா, எத்தினி மைல் தெரியும்னு. கரையில நிக்கிற உனக்கு மூணு மைல்கூட தேறல. அதனாலதான் தூரத்துக் கப்பலுக்கு ஒடம்பு முழுகி, தலை மட்டும் தெரியுது. இப்ப 3,000 அடி உச்சியில என்னை நிறுத்திக் கணக்குப் போடு. 67 மைலு வருதா? கிலோமீட்டர்ல 107, 108. அங்கேருந்து கடலூர் கரை எவ்வளவு தூரம்? அதே சுமாருதான! பொழுது விடியற நேரம், மழை பெஞ்சு தூசி அடங்கியிருந்தா... போவட்டும். பார்த்தது கப்பலா, நெய்வேலி சிமினியான்னு எனக்கே இப்பச் சந்தேகம்தான். ஆனா கணக்கு என் பக்கம்.

உக்காரு, ஆயா கேழ்வரகுக் களி கிண்டறா. அவ வர்றதுக்குள்ள இங்க வா, கிட்ட வா. பொங்கலுக்கு வந்தப்ப என் போன்ல கப்பல் நிக்கிற எடம் காட்டற அந்தப் படத்தை ஏத்திட்டுப் போனே இல்ல, நான் அதைத் தொடறதே இல்லன்னு அவகிட்டச் சொல்லி வைச்சிருக்கேன். எண்ணூருக்கு வெளிய ஒரு நிலக்கரிக் கப்பலு, பச்சைப் புள்ளியாத் தெரியுது பாரு, இது நாலு நாளா நின்ன எடத்துலயே நிக்குது. நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத் தலையை வடக்க திருப்புச்சு, காலையில பார்த்தா மறுபடி தெக்க. உள்ள தண்ணி கிண்ணி இருக்குதா, சம்பளம் குடுத்தானான்னு யாரையாவது விசாரிச்சுச் சொல்றியா?