மறுநாளைக் கடனாகத் தரும் துறைக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
மதுரை மாநகர் மற்றும் சுற்றுவட்டார ஊர்களின் அடுப்படிகள் சார்பில்.

பெறுநர்:
ஆண்டுதோறும் பொது விடுமுறைப் பட்டியல் வெளியிடும் பொதுத் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை – 600 009.

பொருள்: விழாக்கால விடுமுறை – மகிழ்ச்சி வரப்பெற்றது – அலைச்சல் வரப்பெற்றது – ஓய்வு மட்டும் இந்நாள்வரை வரப்பெறவில்லை – உரிய நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: செலாவணி முறிச் சட்டம், 1881, பிரிவு 25.

மதிப்பிற்குரிய துறையினருக்கு,

ஆண்டு முடியுமுன்னரே அடுத்த ஆண்டின் விடுமுறைப் பட்டியல் வெளிவருவதும், வெளிவந்த அன்றே அதில் எத்தனை நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து வீணாயின என்று வீட்டுக்கு வீடு கணக்குப் பார்ப்பதும் தமிழ்நாட்டில் நிலைபெற்ற வழக்கங்களாகும். அப்பட்டியல் எந்தச் சட்டத்தின் பேரில் பிறக்கிறது என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மக்கள் நல்வாழ்வைக் கருதிய சட்டம் எதற்கும் அதில் பங்கில்லை; அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவது. செலாவணி முறி என்பது காசோலை, மாற்றுச்சீட்டு, புரோநோட்டு என்று கைமாறும் பண ஆவணங்களுக்குப் பொதுப் பெயர். அவற்றுக்கு எந்தெந்த நாளில் பணம் கேட்கக் கூடாது என்று வரையறுக்கும் போக்கில்தான் பொது விடுமுறை என்ற கருத்தே அச்சட்டத்தில் நுழைகிறது. ஆகவே அச்சட்டத்தின் பார்வையில் தீபாவளியன்று ஓய்வுக்கு உரிமை பெற்றிருப்பது காசோலை ஒன்றே. மனிதர்கள் அதற்குத் தூரத்து உறவினர் என்ற முறையில் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர்.

மதுரைக்கு இவ்வுண்மை ஆண்டுக்கொரு முறை எழுத்துமூலமாகவே நினைவூட்டப்படுகிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் எழுந்தருளும் நாளை உள்ளூர் விடுமுறையாக மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும்போது, இவ்விடுமுறை 1881ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வராது என்றும், ஆகவே கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும் என்றும் ஒரு வாசகம் சேர்வதும், ஈடாகப் பின்னொரு சனிக்கிழமை வேலைநாளாவதும் மரபு. அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் காசோலை கரையில் நின்று வேலை பார்க்கிறது.

அதே 25ஆம் பிரிவு மற்றொன்றும் சொல்கிறது: பணம் செலுத்த வேண்டிய கெடு பொது விடுமுறை நாளில் முடியுமானால், அதற்கு முந்தைய வேலைநாளிலேயே அது முடிந்ததாகக் கொள்ளப்படும். இவ்விதியை வங்கிகளைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் இடம் மதுரையின் அடுப்படியாகும். தீபாவளிக்கு உரிய முறுக்கும் அதிரசமும் ரவா லட்டும் தீபாவளியன்று செய்யப்படுவதில்லை, முதல் நாள் இரவுக்குள் செய்து, ஆறவைத்து, பக்கத்து வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, அலுவலகத்துக்கு என்று பங்கு பிரித்துத் தூக்கில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். கெடு தவறியதாக இதுவரை ஒரு வீடும் அறிவித்ததில்லை.

இவற்றுள் அதிரசத்தைச் சற்று விரிவாகக் கவனிப்பது துறைக்குப் பயன்படும். அரிசிமாவும் வெல்லப்பாகும் சேர்ந்த எண்ணெய்ப் பலகாரமான அதற்கு, பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி, முழுதும் காய்ந்துவிடாமல் கையில் ஈரம் தட்டும் நிலையிலேயே இடித்தோ அரைத்தோ சலித்தெடுத்து, பாகிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலுக்கு இளக உருண்டு வரும் பதத்தில் இறக்கி, ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளற வேண்டும். பதம் முந்தினால் எண்ணெயில் பிரிந்துபோகும், பிந்தினால் பல்லை உடைக்கும். இவ்வளவும் முடிந்தபின் அந்த மாவைப் பாத்திரத்தில் அழுத்தி, மேலே நெய்யோ எண்ணெயோ தடவி மூடி, இரண்டு நாளாவது தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும், அப்படி இருக்கவிடாத மாவில் அதிரசம் ஒழுங்காக வராது என்பதும் கைப்பழக்கமுள்ள எந்தப் பாட்டியும் சொல்லும் விதியாகும். பாடுபட்டபின் ஓய்வில்லாவிட்டால் பண்டம் கெடும் என்று மாவின் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக அறிந்திருக்கும் குடும்பம், அதைக் கிளறிய கையின் விஷயத்தில் அந்த அறிவைப் பயன்படுத்துவதில்லை. மாவு ஊறும் அந்த இரண்டு நாளில்தான் ஒட்டடை அடித்து, பித்தளைப் பாத்திரம் துலக்கி, உளுந்து வறுத்து, விளக்குத்தூண் பக்கம் நெரிசலில் புகுந்து விட்டுப்போன ஒரு சட்டைத்துணியையும் வாங்கி வரும் வேலைகள் அந்தக் கைக்கு ஒதுக்கப்படுகின்றன.

ஒருவர் 24 மணி நேரத்தை எவ்வெவற்றில் செலவிடுகிறார் என்று கேட்டறியும் கணக்கெடுப்புக்கு நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று பெயர். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024ஆம் ஆண்டு நடத்திய அவ்வாய்வின்படி, இந்தியாவில் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகின்றனர். இது எல்லா நாளுக்கும் பொதுவான சராசரி. தீபாவளிக்கு முந்தைய நாள் மதுரையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர் பதில் பெற்றுத் திரும்புவது ஐயம். பெரும்பாலும் அவர் முறுக்கு பிழிய உட்கார்த்தப்படுவார்.

விழா நாளின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. எண்ணெய்க் குளியலுக்கு வெந்நீர் போட மூன்று மணிக்கு எழ வேண்டும். தீபாவளிக் காலையில் இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு என்பது இவ்வட்டாரத்தில் பல வீடுகளில் சட்டத்தைவிட உறுதியான வழக்கமாதலால், விடியுமுன்பே கறிக்கடையில் வரிசை நிற்க ஒருவரும், கறி வந்து சேர்வதற்குள் மசாலா அரைத்து முடிக்க ஒருவரும் வேண்டும். வரிசையில் நின்றவர் தம் கடமை முடிந்ததென்று நாற்காலி தேடுவதும், அரைத்தவருக்கு அப்போதுதான் வேலை தொடங்குவதும் தனியே ஆராயத்தக்கவை. மகிழ்ச்சிக்கு நேரம் ஒதுக்கத் தெரியாத அரசும் அன்று இது. 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரமே அனுமதித்ததைத் தொடர்ந்து, காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அதைப் பிரித்துக் கொடுத்த திறமை தமிழ்நாட்டு அரசுக்கு உண்டு. வெடிக்கு மணிக்கணக்கில் பங்கீடு செய்யத் தெரிந்த நிர்வாகத்துக்கு, பிற்பகல் 2 முதல் 4 வரை எந்த வீட்டிலும் காப்பி கேட்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமாக இராது.

இனி, துறை காட்டும் கருணையைப் பற்றி. 2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாளான அக்டோபர் 25 விடுமுறையாயிற்று, நவம்பர் 19 சனிக்கிழமை வேலைநாளாயிற்று. 2023இல் நவம்பர் 13க்கு நவம்பர் 18. 2024இல் நவம்பர் 1க்கு நவம்பர் 9. 2025 பொங்கலுக்குக் கூடுதலாகக் கிடைத்த ஜனவரி 17க்கு ஜனவரி 25. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வர வசதியாக நாள் கொடுத்து, அதை ஒரு சனிக்கிழமையாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இம்முறை, பொது விடுமுறையின் தாய்ச்சட்டம் புரோநோட்டைப் பற்றியது என்பதோடு முழுவதும் பொருந்துகிறது. வட்டி கேட்கப்படுவதில்லை என்பது நன்றியுடன் பதிவு செய்யப்படுகிறது. ஆனால் கொடுத்த நாளைத் துய்த்தவரும் அடைத்த சனிக்கிழமையை உழைத்தவரும் எப்போதும் ஒருவரே ஆவதில்லை. அந்தச் சனிக்கிழமை மகனுக்குப் பள்ளி, கணவருக்கு அலுவலகம் என்றால் காலைப் பலகாரமும் மதியச் சாப்பாடும் கட்டித்தர வேண்டியவர், தாம் வாங்காத கடனுக்குத் தவணை கட்டுகிறார்.

கடனாகக் கிடைத்த அந்த மறுநாளும் சாலையில் கரைந்துபோவதே வழக்கம். ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டதால், முன்பு செப்டம்பரில் தொடங்கிய பொங்கல் பதற்றம் இப்போது நவம்பரில் தொடங்குகிறது; இந்த ஓர் இனத்தில் மன அழுத்தம் சரிபாதியாகக் குறைந்துள்ளதை ஒப்புக்கொள்வதே நியாயம். காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்ததும் பாண்டியன் விரைவு வண்டியில் இடம் கிடைக்காதவர், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட சென்னையின் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு ஒரு பயணம், அங்கிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு மற்றொரு பயணம் என்று வந்து இறங்கி, அலுப்பில் உச்சிவேளைவரை உறங்குகிறார். அவ்வுறக்கத்தை யாரும் குறை சொல்வதில்லை, ‘பாவம், பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கல’ என்று மின்விசிறியைக் கூட்டிவைப்பார்கள். அப்படிக் கூட்டிவைப்பவர் எத்தனை ராத்திரி தூங்கவில்லை என்பது பேச்சில் வருவதில்லை. இரண்டு நாளில் திரும்பும் வழியில் பரனூர்ச் சுங்கச்சாவடியில் ஊர்ந்து நகரும் வண்டிக்குள், விடுமுறையிலிருந்து மீள ஒரு விடுமுறை வேண்டும் என்ற கருத்து எல்லாக் கட்சியினரிடையேயும் ஒருமனதாக நிறைவேறுகிறது.

பொங்கலில் இவ்வட்டாரத்துக்குச் சுமை இன்னும் கூடுதல். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று ஏறுதழுவல் நடக்கும் ஊர்களில், வாடிவாசலை ஒட்டி ஒரு மொட்டை மாடி வைத்திருக்கும் குடும்பத்துக்கு அதுவரை அறிமுகமில்லாத சித்தப்பாக்கள் எல்லாம் வந்து சேர்வார்கள்; வந்தவர்க்கெல்லாம் இலை போட வேண்டும். அதே ஊரில் அன்று களமிறங்கும் காளைக்கு, 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, கால்நடை மருத்துவரின் உடற்பரிசோதனையும், காத்திருக்கும் இடத்தில் நிழலும், தீவனமும், தண்ணீரும் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. அரசு அலுவலர்கள் நேரில் நின்று சரிபார்க்கின்றனர். காளைக்குக் கிடைத்த இச்சலுகையில் யாருக்கும் பொறாமை இல்லை. ஆனால் மூன்று நாளும் அடுப்புமுன் நின்றவர் தண்ணீர் குடித்தாரா என்று சரிபார்க்கும் அலுவலர் பதவி இன்னும் உருவாக்கப்படவில்லை என்பது சுட்டிக்காட்டப்படுகிறது. (பறவைகளின் நிலையும் பரவாயில்லை. மதுரைக்கு அண்மையில், சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியில், வந்து தங்கும் பறவைகள் மிரளக் கூடாதென்று மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஓர் ஊரே சேர்ந்து ஒருவருக்கு ஓய்வு கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று.)

இவ்வளவு கூறியதால் விழாவே வேண்டாம் என்பது இவ்விண்ணப்பத்தின் கருத்தென்று துறை முடிவு செய்துவிடக் கூடாது. பலகாரச் சீட்டுக்கு மாதந்தவறாமல் பணம் கட்டி, அதாவது ஆண்டு முழுதும் சிறுகச் சேமித்துத் தீபாவளிக்கு இனிப்பும் பண்டமும் பெறும் ஏற்பாட்டில் சேர்ந்து, அந்நாளை ஆவலோடு எதிர்நோக்குபவர்களும் இதே அடுப்படியைச் சேர்ந்தவர்களே. நாத்தனாரும் ஓரகத்தியும் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டே முறுக்கு பிழியும் பிற்பகலுக்கு ஈடான மகிழ்ச்சி பட்டியலில் உள்ள எந்த நாளிலும் கிடையாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாறு பெண்கள் இருந்த கூட்டுக் குடும்பத்துக்கென வகுத்த பலகார வரிசை, ஒருவர் மட்டும் சமைக்கும் அடுக்குமாடி வீட்டிலும் ஒரு வகைகூடக் குறையாமல் தொடர்கிறது. பேச்சுத்துணையாக இருந்தவர்கள் போய், விருந்தினராக மட்டும் வருகின்றனர். அதே வேலையைத் தனியே செய்யும்போது மகிழ்ச்சி கழிந்து உழைப்பு மட்டும் எஞ்சுகிறது.

ஆகவே கோரப்படுவது மேலும் ஒரு விடுமுறை நாள் அன்று. அப்படி ஒன்று கொடுத்தால் அன்றைக்கு மறுவீட்டு விருந்து வைக்கப்படும் என்பது அனுபவம். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958, நான்கு தேசிய விடுமுறைகளும் ஐந்து பண்டிகை விடுமுறைகளும் தொழிலாளிக்கு உரியவை என்கிறது. அந்நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் ஊதியத்துடன் விடுப்புத் தர வேண்டும் என்றும் விதிக்கிறது. வீட்டு உழைப்பும் உழைப்பே என்பதை 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தால் அரசு ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டபடியால், அடுப்படியையும் ஒரு தொழில் நிறுவனமாக இச்சட்டத்தில் சேர்ப்பதில் கொள்கைத் தடை இருக்க இயலாது. இரட்டைக் கூலியை எந்த வீடும் கொடுக்காது என்பது தெரிந்ததே. எனவே மாற்று விடுப்பு என்ற இரண்டாம் வழியே நடைமுறைக்கு வரும். அவ்விடுப்பு நாளில் அடுப்பு பற்றவைக்கும் பொறுப்பு, நாளொன்றுக்கு 88 நிமிடம் செய்து பழகிய தரப்பைச் சேரும். அன்றைய இட்லி கல்லாக வந்தாலும் குறை கூறாமல் உண்ண வேண்டும் என்ற உட்பிரிவும் விதிகளில் இடம்பெற வேண்டும். ஈடுசெய்யும் சனிக்கிழமை எதுவும் இதற்கு அறிவிக்கப்படலாகாது.

இக்கோரிக்கை நிதித் துறையின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட வேண்டியதன்று, செலவினம் ஏதும் இல்லை. அரசிதழில் வருமுன்னரே சில வீடுகளில் சோதனை முறையில் நடைமுறைப்படுத்தப்பட்டதாகவும், முதல் நாளில் உப்பு இரு முறை போடப்பட்டதைத் தவிர வேறு அசம்பாவிதம் நிகழவில்லை என்றும் தெரிய வருகிறது.

இப்படிக்கு,
கையெழுத்திடக் கை ஒழியாதோர் சார்பில்,
மதுரை.

இணைப்பு: அதிரசம், ஒரு தூக்குவாளி. வாளியைத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. வெறும் வாளியாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் மதுரையில் இல்லை என்பதும் தகவலுக்காகத் தெரிவிக்கப்படுகிறது.